லேப்டாப் விளம்பரங்களில் பிராசசரின் முழு எண்ணை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் எல்லா நாளிதழ்களிலும் லேப்டாப் விளம்பரங்கள் அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஏறக்குறைய ஒரே வரிதான்: 'கோர் ஐ5, 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11'. பக்கத்திலேயே மாதத் தவணை. இந்த வரியை நம்பி ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று கொடுத்து வாங்குகிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமோ, அது அந்த வரியில் இருப்பதில்லை. லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், வாங்கப் போகிற குடும்பங்களுக்கு உதவும் விவரங்களை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான், சுருக்கினால் பயன் போய்விடும் என்பதால் முழுமையாகவே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு அடிப்படை. பிராசசர் கணக்கெல்லாம் போடும் மூளை, ரேம் ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம், எஸ்எஸ்டி ஃபைல்களைச் சேமிக்கும் இடம். லேப்டாப்பில் பிராசசர் மதர்போர்டு என்னும் முதன்மைப் பலகையிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பிராசசர் நிறுவனமான இன்டெல்லின் 4-ஆம் தலைமுறை வரை சில மாடல்களில் சாக்கெட் இருந்தது, கழற்றி மாட்டலாம். 5-ஆம் தலைமுறையோடு அந்த வழி அடைபட்டது. வாங்கிய அன்று எந்த பிராசசரோ, கடைசிவரை அதுதான். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மதர்போர்டையே மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ரேமைச் சில மாடல்களில் கூட்டலாம், பலவற்றில் முடியாது. எஸ்எஸ்டியோ பெரும்பாலானவற்றில் அடிப்பக்க மூடியைத் திறந்து ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஆகவே கையிலிருக்கும் பணம் முதலில் பிராசசருக்கும், அடுத்து ரேமுக்கும், மிச்சம் இருந்தால் எஸ்எஸ்டிக்கும் போக வேண்டும். கடையில் பேச்சு நடப்பதோ தலைகீழாக. பழைய பிராசசர் உள்ள மாடலைக் காட்டி, 'கூட மூவாயிரம் போட்டால் 1 டிபி (1,000 ஜிபி) எஸ்எஸ்டி வரும்' என்கிறார்கள். எண் பெரிதாக இருப்பதால் வாங்குகிறவருக்கும் அது லாபமாகத் தெரிகிறது.

'ஐ5' என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. ஐ5-1335யு, ஐ5-12450எச் இரண்டும் விளம்பரத்தில் ஐ5தான். கோர் என்பது பிராசசருக்குள் தனியே வேலை செய்யும் ஒரு பகுதி. முதலாவதில் பி-கோர் என்னும் வேகமான கோர்கள் 2, இ-கோர் என்னும் சிக்கனமான கோர்கள் 8, மொத்தம் 10. இரண்டாவதில் பி-கோர் 4, இ-கோர் 4, மொத்தம் 8. பத்து இருப்பதுதான் உசத்தி என்று எண்ணிவிடக் கூடாது. யு வரிசைக்கு அடிப்படை மின் அளவு 15 வாட், எச் வரிசைக்கு 45 வாட். பெரிய புரோகிராமை கம்பைல் செய்வது, வீடியோவை எக்ஸ்போர்ட் செய்வது, ரெண்டரிங் என்று நிறுத்தாமல் முழு வேகத்தில் ஓட வேண்டிய வேலைகளில் 12450எச் முந்திக்கொள்ளும். அதற்கு விலையாக பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஃபேன் சத்தம் கேட்கும், சார்ஜர் கனக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12450எச்-இல் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் 48 அலகுகள்தான், 1335யு-வில் 80. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் எச் பிராசசர் வாங்கினால், கிராஃபிக்ஸ் வேலையில் பின்தங்கவும் கூடும்.

தலைமுறை எண் ஏறுவதற்கெல்லாம் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. ஐ5-1235யு, ஐ5-1335யு, 2024-இல் 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு வந்த கோர் 5 120யு ஆகிய மூன்றிலும் 2 பி-கோர், 8 இ-கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), 12 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்). முக்கியமாக மாறியது உச்ச வேகம்: 4.4, 4.6, 5.0 ஜிகாஹெர்ட்ஸ். எச் வரிசையிலும் 12450எச், 13420எச், கோர் 5 210எச் மூன்றுமே 4 பி-கோர், 4 இ-கோர் கொண்டவை. முந்தைய தலைமுறை மாடல் ஐந்தாறாயிரம் குறைவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அந்தப் பணத்தை ரேமில் போடுவது புத்திசாலித்தனம். ஆனால் கோர் 5-ஐயும் கோர் அல்ட்ரா 5-ஐயும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அல்ட்ரா என்பது 2023 டிசம்பரில் தொடங்கிய வேறு வடிவமைப்பு.

ஐ5-இலிருந்து ஐ7-க்குப் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். யு வரிசையில் வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஐ5-1335யு, ஐ7-1355யு இரண்டிலும் கோர், த்ரெட், கேஷ், அடிப்படை வாட் எல்லாம் ஒன்றே. உச்ச வேகம் 4.6-இலிருந்து 5.0 ஆகிறது, கிராஃபிக்ஸ் அலகு 80-இலிருந்து 96 ஆகிறது. அந்த உச்ச வேகமும் சில நொடிகளுக்குத்தான். மெல்லிய உடம்பு, ஒரே ஃபேன், சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே வைத்து ஓட்டுகிறோம் என்றால், சூடு ஏறியதும் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்துக்கு இறங்கிவிடும். கடையில் 'ஐ7' ஸ்டிக்கருக்காகக் கேட்கும் பத்துப் பதினைந்தாயிரத்துக்கு 8 ஜிபி ரேமை 16 ஆக்கிக்கொண்டால் அன்றாட வேலையில் தெரியும் பலன் பெரிது.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் இன்னும் கவனம் தேவை. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பார்த்தால் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். 7000, 8000 வரிசைகளில் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கிறது. வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 2 என்றால் ஜென் 2; 3 என்றால் ஜென் 3 அல்லது ஜென் 3+; 4 என்றால் ஜென் 4. ஜென் 2 என்பது 2019-இல் வெளிவந்த வடிவமைப்பு. 7520யு-வில் 4 கோர், 8 த்ரெட், 4 எம்பி எல்3 கேஷ், கிராஃபிக்ஸில் 2 அலகு. 7530யு-வில் 6 கோர், 12 த்ரெட், 16 எம்பி எல்3 கேஷ், கிராஃபிக்ஸில் 7 அலகு. இரண்டையும் 'ரைசன் 5, 7000 வரிசை' என்று ஒரே பெயரில் அச்சிடுவது எந்த விதத்தில் நியாயம்? போதாததற்கு 7520யு ஏற்பது எல்பிடிடிஆர்5 என்ற வகை ரேமை மட்டுமே. அது எப்போதும் போர்டில் சால்டர் செய்யப்பட்டே வரும். 8 ஜிபி மாடலை வாங்கினால் என்றைக்கும் 8 ஜிபிதான். 2024-இல் வந்த ரைசன் ஏஐ 300 வரிசைக்கு இந்த இலக்கக் கணக்கு பொருந்தாது.

மலிவு விலை லேப்டாப்புகளில் இன்டெல் என்100, என்200, ஐ3-என்305 என்று 'என்' எழுத்தோடு வருபவற்றில் இருப்பது இ-கோர் மட்டும். ரேமுக்குப் போய்வரும் பாதையும் (சேனல்) ஒன்றுதான். ஐ3-1215யு-வில் 2 பி-கோர், 4 இ-கோர் உண்டு. ஐ3 என்ற பெயரை மட்டும் பார்த்து என்305-ஐ வாங்கிவிட்டு 1215யு-வின் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. செலெரான் என்4020 இரண்டே கோர் கொண்டது. பள்ளிக் குழந்தைக்கு வீடியோ வகுப்பு பார்ப்பதற்கு மேல் அதை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது.

யாருக்கு எது? பி.காம்., பி.ஏ. படிப்பவர்களுக்கு டேலி, எக்ஸெல், பிரவுசர் இவைதான் வேலை என்றால் ஐ3-1215யு அல்லது ரைசன் 3 7330யு போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. மாணவர்கள் ஐ5-1335யு, ரைசன் 5 7530யு அளவுக்குக் கீழே இறங்க வேண்டாம். ரேம் 16 ஜிபி. ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும், போனைப் போல இயங்கும் எமுலேட்டரையும் திறந்து, பிரவுசரில் நாலைந்து டேப் வைத்தாலே 8 ஜிபி நிரம்பிவிடும். மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு எச் வரிசையும் தனி கிராஃபிக்ஸும் தேவைப்படும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கேட் (சிஏடி) என்னும் வடிவமைப்பு மென்பொருளில் மாடல் வரையும்போது பெரும்பாலும் ஒரே கோர்தான் உழைக்கிறது. அங்கே உச்ச வேகம் முக்கியம். சிமுலேஷன், ரெண்டரிங் ஓடும்போதுதான் எல்லாக் கோரும் வேலைக்கு வரும், ரேமும் தேவைப்படும். முதலாண்டில் இவை எதுவும் தேவைப்படாது என்பதும் உண்மை. துறை உறுதியாகவில்லை என்றால் ஒரு செமஸ்டர் பொறுப்பது நல்லது.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசசர் கொண்ட லேப்டாப்புகளில் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அவை இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறான ஆர்ம் வகை. சாதாரண விண்டோஸ் மென்பொருள் பலவற்றை எமுலேஷன் என்னும் மொழிபெயர்ப்பு முறையில் ஓட்டிவிடலாம். கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை அப்படி ஓட்ட முடியாது. பழைய பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஆய்வகத்தின் யுஎஸ்பி போர்டு ஆகியவற்றுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ரேம் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எவ்வளவு போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, காலி ஸ்லாட் உண்டா, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும்? ஒரே பெயரில் விற்கும் வரிசையில் ஒரு மாடலில் ஸ்லாட் இருக்கும், அடுத்த மாடலில் இருக்காது. எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 என்று 'எல்பி'யில் தொடங்கினால் அநேகமாகச் சால்டர்தான். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது. நடுவிலுள்ள வெட்டின் இடமே வேறு. ஒரு குச்சியாக 8 ஜிபி இருப்பதைவிட இரண்டு குச்சிகளாக இருந்தால் டூயல் சேனலில் ஓடும், கிராஃபிக்ஸ் கணிசமாக வேகமாகும். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும் லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் குச்சி இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அது வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்றுதான் காட்டும். இரண்டாவது குச்சியைப் போட்டதும் பெயரே மாறிவிடும்.

இவற்றையெல்லாம் விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஷோரூமில் திறந்து வைத்திருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைத் தொட்டால் வலது மேல் மூலையில் பிராசசரின் முழு எண், கீழே கோர், லாஜிக்கல் பிராசசர் (த்ரெட்) எண்ணிக்கை. மெமரியைத் தொட்டால் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்'. அதில் 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் ஸ்லாட்டில் மாட்டிய குச்சி. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டில் சால்டர் செய்தது. சால்டர் ரேமில் 'யூஸ்டு 8 ஆஃப் 8' என்றெல்லாம் காட்டும். எட்டு ஸ்லாட் இருக்கிறது என்று பொருளில்லை, சிப்புகள் அப்படி எண்ணப்படுகின்றன. டிஸ்க்கைத் தொட்டால் எஸ்எஸ்டியின் மாடல் எண் தெரியும். அதைப் போனில் தேடினால் எந்த வகை என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம். பார்த்த லேப்டாப்பும் பெட்டியில் கட்டித் தரும் லேப்டாப்பும் ஒரே மாடல் எண்ணா என்று மட்டும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் உங்களிடம் எங்கள் கோரிக்கை. லேப்டாப் விளம்பரங்களை ஏற்கும்போது பிராசசரின் முழு எண், ரேமில் எவ்வளவு சால்டர், காலி ஸ்லாட் எத்தனை, எஸ்எஸ்டி எந்த வகை (பழைய சாட்டாவா, வேகமான என்விஎம்இயா), எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் எத்தனை என்ற ஐந்து விவரங்களையும் அச்சிடும்படி விளம்பரதாரர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'ஐ5-12450எச், 8 ஜிபி சால்டர், 1 ஸ்லாட் காலி, 512 ஜிபி என்விஎம்இ, எம்.2 ஸ்லாட் 2' என்று போட ஒரு வரி போதும். அதற்கான இடம் தவணைத் தொகையின் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலே கிடைத்துவிடும். நிறுவனங்களின் இணையதளத்தில் இந்த விவரங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. லெனோவோவின் பிஎஸ்ரெஃப் தளம், ஹெச்பியின் சர்வீஸ் கைடு, டெல்லின் ஓனர்ஸ் மேனுவல் ஆகியவற்றை யாரும் பார்க்கலாம். விளம்பரத்தில் மட்டும் மறைப்பதற்குக் காரணமே இல்லை.

இனி ஹார்ட் டிஸ்க். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போட்ட லேப்டாப்பை இன்று எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க்கில் வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் சுழன்று வரவே சராசரியாக 5.5 மில்லி நொடி ஆகிறது. ஊசி நகரும் நேரம் அதற்கு மேல். நொடிக்கு நூறு தடவைகூடத் தாவிப் படிக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைத் தேடிப் படிக்கிறது. 'டிஸ்க் 100%' என்று நிற்பது அதனால்தான். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை, பிசிஐஇ என்னும் இணைப்பின் 3.0 பதிப்பில் ஓடும் என்விஎம்இ 3,500 எம்பி வரை, 4.0 என்விஎம்இ 7,000 எம்பி வரை படிக்கும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியும். 3.0-இலிருந்து 4.0-க்கு மாறுவது பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது தவிர யாருக்கும் தெரியாது; மாணவர்கள் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். 4.0 எஸ்எஸ்டி குச்சி 3.0 ஸ்லாட்டிலும் ஓடும், 3.0-இன் வேகத்தில்.

தவிர்க்க வேண்டியது இஎம்எம்சி என்னும் மெதுவான சேமிப்புச் சிப். 64 ஜிபி, 128 ஜிபி என்று மலிவு லேப்டாப்புகளில் வருகிறது. இதைச் சில கடைகளில் எஸ்எஸ்டி என்றே சொல்லி விற்கிறார்கள். போர்டில் சால்டர் செய்தது என்பதால் நிரம்பினாலும் பழுதானாலும் மாற்ற வழியில்லை. 64 ஜிபியில் விண்டோஸ் 11 ஏறிவிடும், ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டுக்கு இடம் இருக்காது.

என்விஎம்இ குச்சி தனியாக வாங்குகிறவர்கள் டிஎல்சி, கியூஎல்சி என்ற இரண்டைப் பார்க்க வேண்டும். தகவல் வைக்கும் ஒரு செல்லில் டிஎல்சி 3 பிட், கியூஎல்சி 4 பிட் வைக்கிறது. எழுதும் ஆயுள், அதாவது மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்பது, டிபிடபிள்யூ என்ற கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். 1 டிபி டிஎல்சி குச்சிகளில் 600 என்பது வழக்கமான அளவு. கியூஎல்சியில் 220 வரை இறங்கும். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாளுக்கு 40 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்குச் சுமார் 15 டிபிதான். 220 தீரவே பதினான்கு, பதினைந்து ஆண்டு ஆகும். கியூஎல்சியைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. வேகமாக எழுதுவதற்காக ஒதுக்கிய கேஷ் பகுதி நிரம்பியதும் சில கியூஎல்சி குச்சிகளின் வேகம் நொடிக்கு 100 எம்பி அளவுக்கு விழுந்துவிடும். குச்சி நிரம்ப நிரம்ப அந்த கேஷும் சுருங்கும். வீடியோ, பெரிய சிமுலேஷன் ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. எந்த வகையானாலும் 15 முதல் 20 சதவீதம் காலியாக விட்டு வைப்பது நல்லது.

512 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 476 ஜிபி என்றுதான் தெரியும்; 1 டிபி என்பது 931. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் கணக்கிடுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

512-ஆகவே வாங்கிப் பின்னால் கூட்டுவதா, அப்போதே 1 டிபி வாங்குவதா? 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை நன்றாக ஏறிவிட்டதால், 'பிறகு மலிவாக வாங்கிக்கொள்ளலாம்' என்ற பழைய அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. வாங்கும் அன்றே விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டும். எம்.2 ஸ்லாட் இரண்டு இருந்தால், இரு மாடல்களின் விலை வித்தியாசத்தை 512 ஜிபி குச்சி ஒன்றின் விலையோடு ஒப்பிட வேண்டும். உள்ளே இருப்பதைக் கழற்றாமலே கூட்டிவிடலாமே. ஸ்லாட் ஒன்றுதான் என்றால் 1 டிபி குச்சியின் விலையோடு ஒப்பிட வேண்டும். கழற்றிய பழைய குச்சியை யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்கு சமமாக வந்தால் கம்பெனியிலிருந்தே 1 டிபியாக வாங்குவதுதான் நிம்மதி. வாரண்டி முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும்.

குச்சி வாங்கும் முன் நீளத்தைப் பார்க்க வேண்டும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சில லேப்டாப்புகளில் 2242-தான் உட்காரும், சிறிய மாடல்களில் 2230. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா மட்டும் ஏற்பதும் உண்டு, என்விஎம்இ மட்டும் ஏற்பதும் உண்டு. தடித்த ஹீட்சிங்க் ஒட்டிய குச்சி டெஸ்க்டாப்புக்கானது. லேப்டாப்பில் மூடி மூடாது. மெல்லிய லேப்டாப்புக்கு ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள குச்சியே பொருந்தும்.

மாட்டும் வேலை பத்து நிமிடம்தான்; கெடுவது அதற்கு முந்தைய தயாரிப்பில். முதலில் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில், ஃபைல்களைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் கேட்காமலே அது ஆனாகிவிடுகிறது. 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வைக்காமல் குச்சியைக் கழற்றி வேறு இயந்திரத்தில் போட்டால் ஒரு ஃபைல்கூடத் திறக்காது. எங்களிடம் கொண்டு வந்தாலும் கீ இல்லாமல் எங்களாலும் எதுவும் செய்ய முடியாது. பழைய குச்சியில் இருப்பதை அப்படியே புதியதில் நகலெடுத்து குளோன் செய்வதாக இருந்தால் என்கிரிப்ஷனை அணைத்து, முழுதாக முடிந்த பிறகே தொடங்க வேண்டும். குளோன் செய்த பிறகு பெரிய குச்சியில் சி டிரைவ் பெரிதாகவில்லை என்பார்கள். சி-க்கு அடுத்தபடியாக ரெகவரி பார்ட்டிஷன் என்னும் தனிப் பகுதி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அதைக் கடைசிக்கு நகர்த்திய பிறகே சி நீளும்.

புதிதாகவே விண்டோஸ் போடுவது எங்களுக்குப் பிடித்த முறை. 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் இன்ஸ்டாலர் தயார் செய்யலாம். லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது. எஸ்எஸ்டி மாறினாலும் அதே எடிஷனைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். அதே பென் டிரைவில் இரண்டு டிரைவர்களையும் போட்டு வைக்க வேண்டும். ஒன்று, இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர். 11-ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்பு இருப்பதால் இன்ஸ்டால் செய்யும் திரையில் எஸ்எஸ்டியே தெரியாது. 'லோட் டிரைவர்' கொடுத்து இதைக் காட்டினால் தெரியும். குச்சி செத்துவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். இரண்டாவது, வைஃபை டிரைவர். அது இல்லையென்றால் இன்டர்நெட் கேட்கும் இடத்தில் நின்றுவிடும். போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்தும் கடந்துவிடலாம்.

திறக்கும் முன் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் இயந்திரம் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். அடிப்பக்க ஸ்க்ரூக்களின் நீளம் வேறு வேறாக இருக்கும். எடுத்த வரிசையில் ஒரு தாளில் குத்தி வைத்தால் குழப்பமில்லை. நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மேலே கீபோர்டுப் பக்கம் பிதுங்கிவிடும். ரப்பர் பாதத்துக்கு அடியில் ஸ்க்ரூ மறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் மூடியை நெம்பினால் பிளாஸ்டிக் கொக்கி முறியும். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. குச்சியை 30 டிகிரி சாய்வாக உள்ளே தள்ளினால் தங்க நிறக் கால்கள் மறையும் அளவுக்குப் போகும். பிறகு அழுத்திப் பிடித்து எம்2 அளவு (2 மி.மீ.) ஸ்க்ரூவை மெதுவாக முடுக்கினால் போதும். இரண்டாவது ஸ்லாட்டுக்கு அந்த ஸ்க்ரூ பல லேப்டாப்புகளில் வருவதில்லை. குச்சியோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். செலோடேப் ஒட்டிவிட்டால் சூட்டில் பசை இளகி, குச்சி எழும்பி, டிரைவ் திடீர் திடீரென்று காணாமல் போகும்.

வாரண்டி பற்றி ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் '16 ஜிபி, 1 டிபி' என்று விற்கும் சில லேப்டாப்புகள் கம்பெனியில் அப்படி வந்தவை அல்ல. விற்பனையாளர் பெட்டியைத் திறந்து மாற்றியவை. கம்பெனி வாரண்டி, சீரியல் நம்பரில் பதிவான அசல் பாகங்களுக்குத்தான். நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் பலவற்றில் அசல் விவரம் வந்துவிடும். பில்லில் அந்த நம்பர் அச்சாகியிருக்க வேண்டும். நீங்களே குச்சியை மாற்றினால் பழையதைப் பத்திரமாக வைத்திருந்து, சர்வீஸுக்கு அனுப்பும்போது அதையே மாட்டி அனுப்புங்கள். உங்கள் தகவல்களும் வீட்டிலேயே இருக்கும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு இன்றும் ஒரு நல்ல பயன் உண்டு: 1 டிபி, 2 டிபி வெளி டிஸ்க்காக பேக்கப். ஹார்ட் டிஸ்க் கெடும் முன்பு பெரும்பாலும் அறிகுறி காட்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளின் எண் பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் அன்றே நகலெடுத்துவிட வேண்டும். எஸ்எஸ்டி பல நேரங்களில் சொல்லாமல் சாகும். அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போய்விட்டால் மீட்பது கடினம், என்கிரிப்ஷனும் சேர்ந்தால் வழியே இல்லை. பிராஜெக்ட், புகைப்படங்கள் இரண்டும் வேறொரு இடத்தில் இன்னொரு நகலாக இருக்க வேண்டும். 'போர்ட்டபிள் எஸ்எஸ்டி 2 டிபி' என்று சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வருபவற்றில் உண்மையான கொள்ளளவு பெரும்பாலும் சில பத்து ஜிபிதான். மீதி ஃபைல்கள் எழுதியது போலக் காட்டிவிட்டுக் காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்தால் அது தெரிந்துவிடும்.

லேப்டாப் வீட்டுக்கு வந்ததும், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், அதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து 'பவர் ஆன் அவர்ஸ்', 'டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்' இரண்டையும் பாருங்கள். புதியது என்றால் ஓடிய நேரம் சில மணியும், எழுதியது சில பத்து ஜிபியும் இருக்கும். நூற்றுக்கணக்கான மணி, டிபி கணக்கில் எழுத்து என்றால் அது ஏற்கெனவே ஓடிய குச்சி. திரையைப் படமெடுத்து, பில்லோடு அன்றே கடைக்குப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்ப்போர் சிலர்,
மதுரை.